தைராய்டு கட்டிக்கு எம்ஆர் ஸ்பெக்ட்ரோஸ்கோபி எடுத்த அனுபவம்

தேன்மொழி_மதுரை

ஊசிச் சோதனையில் பெதஸ்டா 4, அதாவது புற்றா இல்லையா என்று முடிவு சொல்ல முடியாத வகை, என்று அறிக்கை வாங்கியவர்களுக்கு முன்கதை தேவையில்லை. அம்மாவுக்கு வலப்பக்கம் 2.4 செ.மீ. கட்டி. இரண்டு தடவை ஊசி குத்தியும் ‘ஃபோலிகுலர்’ என்பதோடு நின்றுவிட்டது. ஆராய்ச்சிக்காக ஒரு ஸ்கேன், எம்ஆர்ஐ கருவியிலேயே கட்டியின் வேதிப்பொருட்களைப் பார்ப்பது, கட்டணம் இல்லை, கதிர்வீச்சும் இல்லை என்றார்கள். கையெழுத்துப் போட்டோம்.

கழுத்தின் மேல் சிக்னல் வாங்கும் காயிலை வைத்துக் கட்டிவிட்டு, “அசையாதீர்கள், எச்சில் விழுங்காதீர்கள்” என்றார் டெக்னீஷியன். அப்படிச் சொன்ன பிறகு விழுங்காமல் இருக்க யாரால் முடியும்? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அம்மாவின் கால்விரல்கள் மட்டுமே தெரிந்தன. எச்சிலை அடக்க அடக்க அவை மடங்கின, பிறகு தளர்ந்தன. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்று தடவை.

கடைசியில் திரையில் இருந்த வரைபடத்தில் 3.2 என்ற இடத்தைக் காட்டி, “கோலின் இருப்பது போலத் தெரிகிறது” என்றார் ஓர் இளம் மருத்துவர். புற்றில் கூடுதலாகத் தெரியக்கூடிய வேதிப்பொருள் அது. அந்தப் ‘போல’வை வைத்துக்கொண்டு பதினொரு நாள் கிடந்தோம். அம்மா பீரோவைத் திறந்து நகைகளை எனக்கும் தங்கைக்கும் இரண்டு சுருக்குப் பைகளில் பிரித்துவைத்தார். அறுவை முடிந்து வந்த பயாப்ஸி: அடினோமா. புற்று இல்லை. அந்தப் பைகள் இன்னும் அப்படியேதான் இருக்கின்றன.

காந்த அறை

பதினான்கு ஆண்டுகளாக எம்ஆர்ஐ அறையில் வேலை செய்கிறேன். மூளையில் இதை எடுப்பது எளிது. தைராய்டு அப்படியல்ல. பக்கத்திலேயே மூச்சுக்குழாய். காற்றும் தசையும் சேரும் இடத்தில் காந்தப்புலம் குலைந்துபோகும். எவ்வளவு ஷிம் செய்து புலத்தைச் சீராக்கினாலும் மீண்டும் கோணும். சுற்றிலும் கொழுப்பு, துடிக்கும் கழுத்துத் தமனி, மூச்சு, விழுங்குதல். ஒரு செ.மீ.க்கும் சிறிய கட்டி என்றால் நாங்கள் முயல்வதே அரிது.

ஒரே ஒருவரை மறக்க முடியவில்லை. வயதான நாகஸ்வர வித்துவான். உள்ளே போனவர் கல்போலக் கிடந்தார். புலம் சீராகி, வரைபடத்தில் நீரின் கோடு ஊசிபோல் ஒடுங்கியது. கோலின் தனியே எழுந்து நின்றது. பாப்பில்லரி புற்று என்று பிறகு உறுதியானது. அவ்வளவு சுத்தமான பதிவைப் பார்த்து மகிழ்ந்த அந்த நொடிக்காக இன்றும் உறுத்துகிறது.

தேன்மொழி, அந்த மருத்துவர் ‘போல’ என்று சொன்னது சரி. உங்களிடம் சொன்னதுதான் தவறு. ஆராய்ச்சிப் பதிவை நம்பிக் குடும்பத்திடம் எதுவும் சொல்லக் கூடாது.

சிட்னி_சிவம்

மேலே எழுதியவர் உடம்புக்குள் எடுப்பதை மட்டுமே பேசுகிறார். 1990களில் இங்கே சிட்னியில் மவுன்ட்ஃபோர்ட், ரஸ்ஸல், டெல்பிரிட்ஜ் ஆகிய ஆய்வாளர்கள் செய்தது வேறு. கட்டியிலிருந்து எடுத்த திசுவைக் கண்ணாடிக் குழாயில் போட்டு 8.5 டெஸ்லா காந்தத்துக்குள் வைத்தார்கள். மூச்சு இல்லை, எச்சில் இல்லை. வரைபடத்தில் 1.7, 0.9 பிபிஎம் (முகட்டின் இடத்தைச் சொல்லும் அளவு) என்ற இரண்டு முகடுகளின் விகிதம் இயல்பான திசுவையும் புற்றையும் பிரித்துக் காட்டியது. நான் அப்போது வேதியியல் மாணவன். இதே மாதிரி ஒரு குழாயை நண்பன் விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினான். அடியில் அரிசி நொய் அளவு ஒரு வெள்ளைத் துணுக்கு. யாரோ ஒருவருடைய கழுத்து அது என்று நினைத்ததும் கை நடுங்கியது.

இன்னொன்று: மைக்ராஸ்கோப்பில் அடினோமா எனப்பட்டவை அங்கே இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஒரு கூட்டம் புற்றைப் போலவே இருந்தது. ஆகவே ‘அடினோமா’ என்றதும் பேச்சு முடிந்துவிடாது.

லதா அக்கா

சிவம் தம்பி, பிழைத்து வந்த ஒரு தாயின் மகளிடம் இதைச் சொல்ல வேண்டுமா? முகடு ஒத்திருந்தது என்றால் அது புற்று என்று ஆகிவிடாது. ஃபோலிகுலர் கட்டியில் அதைச் சுற்றியுள்ள உறை கிழிந்ததா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்ததா என்பதைப் பார்த்துத்தான் புற்று என்கிறார்கள். ஊசியால் தெரியாது, கட்டியை முழுதாக எடுத்து உறையைப் பார்த்தால்தான் தெரியும்.

என் கதை சிறியது. ஸ்கேனுக்குள் போன இரண்டாம் நிமிடமே மணியை அழுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த ரப்பர் பந்து கைக்குள் நசுங்கியது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

தேன்மொழி கண்ணு, கேட்காமலே சொல்கிறேன். அறிக்கையில் ‘உறை’ பற்றிய வரியைத் தேடிப் படி. கட்டியின் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டைகளும் ஸ்லைடுகளும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு எழுதிவைத்துக்கொள். வேறு மருத்துவரிடம் காட்ட அவைதான் வேண்டும். அம்மாவுக்குப் பாதித் தைராய்டு மிச்சம் இருந்தால் தைராய்டு மாத்திரை தேவைப்படாமலும் போகலாம், அதைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தச் சோதனை பார்க்கச் சொல். மாத்திரை கொடுத்திருந்தால் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடு. முழுத் தைராய்டையும் எடுத்திருந்து, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போனால் அன்றே ரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டும். அந்த நகைப் பைகளையும் அவிழ்த்துவிடு.

தேன்மொழி_மதுரை

அறிக்கையை எடுத்துப் பார்த்தேன் அக்கா. ‘உறை முழுமையாக உள்ளது, ரத்தக் குழாய் ஊடுருவல் இல்லை’ என்று இருக்கிறது. பைகளைப் பற்றி அம்மாவிடம் பேச இன்னும் துணிவு வரவில்லை.

காந்த அறை அண்ணா, ஒன்று மட்டும். தான் எச்சில் விழுங்கியதால்தான் அந்தக் கோடு எழுந்ததா என்று அம்மா இன்றும் கேட்கிறார்.

காந்த அறை

இல்லை அம்மா. விழுங்கினால் முகடு அகலும், மங்கும். இல்லாத கோலின் அதனால் முளைத்துவிடாது. அடினோமாவிலும் கோலின் தெரிவது உண்டு. இதை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.