கலைச்சொல்: மனச்சிதைவில் தூக்கக் கோளாறுக்கு வி.ஆர். சிகிச்சை. "மாய" வேண்டாமே!

அனைவருக்கும் வணக்கம்.

மனச்சிதைவு (schizophrenia) உள்ளவர்களின் தூக்கக் கோளாறுக்கு, கண்ணில் மாட்டும் கருவிவழி கணினிக் காட்சிகளுக்குள் ஆளை வைத்துத் தரும் வி.ஆர். (virtual reality) சிகிச்சையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: மாய உலகச் சிகிச்சை, மெய்நிகர் உண்மைச் சிகிச்சை, மெய்நிகர் மெய்ம்மைத் துயில் மருத்துவம். மூன்றாவதை முன்வைத்த ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளிக்குத் தூக்கம் வந்துவிடும். அப்புறம் சிகிச்சை எதற்கு?

முதலில் "மாய". விளையாட்டுக்கோ சினிமாவுக்கோ இந்தச் சொல் பொருந்தலாம். மனநல மருத்துவத்தில் அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தால் மாயத்தோற்றம், யாரும் பேசாமலே காதில் விழுந்தால் மாயக்குரல் என்று எழுதிவருகிறோம். ஒரு துண்டறிக்கையை நினைத்துப் பாருங்கள். மேலே "உங்களுக்கு மாயக்குரல்கள் கேட்கின்றனவா?" என்று இருக்கும். நாலு வரி தள்ளி "உங்களை மாய உலகத்துக்கு அழைத்துச் செல்வோம்" என்று இருக்கும். எது நிஜம், எது இல்லை என்று தினமும் மல்லுக்கட்டுகிறவர் அதைப் படித்துவிட்டு மருத்துவமனைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். எனவே இந்த முன்னொட்டை இங்கே முழுசாகவே விலக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, அந்தக் கருவிக்குள் என்னதான் நடக்கிறது? இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃப்ரீமன் குழு உருவாக்கிய கேம்சேஞ்ச் நல்ல எடுத்துக்காட்டு. மனப்பிறழ்வு (psychosis, மனச்சிதைவும் இதில் அடங்கும்) உள்ளவர்களில் பலர் வெளியே போகவே அஞ்சி வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கான சிகிச்சை இது. கண்ணில் மாட்டிக்கொண்டால் தெரு, பேருந்து, காப்பிக்கடை, மதுக்கடை, மருத்துவரின் காத்திருப்பு அறை, பலசரக்குக் கடை என ஆறு இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கணினியில் உருவாக்கிய ஒரு பயிற்றுநர் கூடவே வழிநடத்துவார். முதலில் பேருந்தில் ஓரிருவர்தான் இருப்பார்கள். படி ஏற ஏறக் கூட்டம் கூடும். அரை மணி நேர அமர்வுகள், ஆறு. 346 பேரிடம் சோதித்த முடிவு 2022இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்தது. அச்சம் மிகக் கடுமையாக இருந்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது.

இதில் உண்மை, மெய்ம்மை என்ற தத்துவ விசாரணை எதுவும் இல்லை. ஆளை ஒரு சூழலுக்குள் உட்காரவைத்துப் பழக்குகிறார்கள், அவ்வளவுதான். தூக்கத்துக்கும் இதே கதைதான். நெதர்லாந்தின் குரோனிங்கனில் உருவான வி-ரிலாக்ஸ் (VRelax) என்ற வி.ஆர். சிகிச்சை, கடற்கரை, மலை, நீருக்கடி என்று 360 பாகைக் காட்சிகளுக்குள் ஆளை வைத்து மனத்தை இறுக்கம் தளரச் செய்கிறது. 50 பேரிடம் இதைச் சோதித்த ஆய்வு 2021இல் வந்தது. மனப்பிறழ்வு உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். வழக்கமான தளர்வுப் பயிற்சியைவிட இது பதற்றம் போன்ற எதிர்மறை உணர்வுகளை அப்போதைக்கு நன்றாகவே குறைத்தது. "அப்போதைக்கு" என்பதைக் கவனியுங்கள். பதற்றம் தணிவது வேறு, தூக்கக் கோளாறு தீர்வது வேறு. பத்திரிகைச் செய்திகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நம் சொல்லும் அதற்குத் துணைபோகக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை: மெய்நிகர் சூழல் சிகிச்சை. "மெய்நிகர்" நிலைத்துவிட்ட சொல், அதைக் கலைக்க வேண்டாம். பின்னால் வரும் "உண்மை"யை மட்டும் எடுத்துவிடலாம். மெய்யும் உண்மையும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு தடவை? சுருக்கமாக "நிகர்சூழல்" என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் நிகர லாபம் கணக்கரிடம் இருக்கிறது, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கல்வித்துறையிடம் இருக்கிறது. தனியாக நின்றால் "நிகர்" எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. "தமிழ் இணையப் பல்கலைக்கழகம்" என்ற பெயரில் virtual என்ற இதே ஆங்கிலச் சொல்லுக்கு "இணைய" என்று வைத்தார்களே என்று கேட்கலாம். அங்கே பாடம் இணையத்தில் வந்தது, பொருந்தியது. இங்கே கருவி இணையத்தில் இல்லாமலும் ஓடும்.

அடுத்து, தூக்கம். "தூக்கமின்மை" என்று போட்டால் விஷயத்தில் பாதி வெளியே நின்றுவிடும். இந்த நோயாளிகளில் சிலருக்குத் தூக்கமே பிடிக்காது. சிலர் மருந்தின் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் தூங்குவார்கள். சிலருக்கு ராப்பகல் தலைகீழாகிவிடும். கண்ணை மூடினால் குரல்கள் கூடிவிடும் என்று விடிய விடிய விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. கத்தரினா வுல்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவு உள்ள இருபது நோயாளிகள் அனைவருக்குமே தூக்கமும் உடற்கடிகாரமும் ஏதோ ஒரு வகையில் குலைந்திருந்தன. எனவே "தூக்கக் கோளாறு" போதும். துயில், உறக்கம் இரண்டும் அழகுதான். ஆனால் மருத்துவரிடம் போய் "எனக்குத் துயில் வரவில்லை" என்று யார் சொல்கிறார்கள்?

தூக்கக் கோளாறைப் பக்கவிளைவு மாதிரி ஒதுக்கவும் முடியாது. 2017இல் வெளிவந்த ஓயாசிஸ் ஆய்வில் பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 3,755 மாணவர்கள் பங்கேற்றனர். தூக்கத்தை இணையவழிச் சிகிச்சையால் சீர்செய்தபோது, அவர்களிடம் இருந்த சந்தேக எண்ணங்களும் மாயத்தோற்றங்களும் சேர்ந்தே குறைந்தன. மாணவர்கள் நோயாளிகள் அல்லர் என்பது நினைவிருக்கட்டும். ஆனாலும் வழி எந்தத் திசையில் போகிறது என்று தெரிகிறது.

கருவிக்கு "தலையணி" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தூக்கச் சிகிச்சையில் தலையணியா? ஒரு எழுத்து பிசகினால் தலையணை! "திரைக்கண்ணாடி" என்று வைக்கலாமே. கண்ணாடி போல மாட்டுகிறோம், உள்ளே திரை இருக்கிறது.

"மனச்சிதைவு" என்ற பெயரையே மாற்ற வேண்டும் என்று கேட்டவருக்கு: நியாயமான கேள்வி. ஜப்பான் 2002இல் மாற்றியது, பிறகு தென்கொரியாவும் மாற்றியது. கொரியர்கள் நரம்பிசைக் கருவிக்குச் சுதி சேர்ப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து புதுப் பெயரை எடுத்தார்கள். நம் "சிதைவு" காதுக்கு முரடாகத்தான் விழுகிறது. ஆனால் தனி இழையில் பேசுவோம், இங்கே கலந்தால் இரண்டும் முடியாது.

இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது. தூக்கம் பிடித்த பிறகு, ஆழ்ந்த தூக்கத்துக்கு முந்தைய கட்டத்தில், மூளை அலைப் பதிவில் நடுவே பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய சிறு அலைக்கூட்டம் தெரியும். மனச்சிதைவில் இவை குறைந்து காணப்படுகின்றன. நூல் நூற்கும் கதிரின் வடிவத்தை வைத்து ஆங்கிலத்தில் sleep spindle என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். "தூக்கக் கதிர்" என்றால் எக்ஸ்-கதிர் மாதிரி எதையோ தலைக்குள் பாய்ச்சுகிறார்கள் என்று பயந்துவிடுவார்கள். "கதிரலை" என்பது வானொலிக்காரர்கள் பக்கம் போய்விடும். நெசவு, நூற்பு வழக்குத் தெரிந்தவர்கள் யாராவது கைகொடுங்கள்.