புதுப்பிப்பு: லியோடார்டின் மேல் ஷார்ட்ஸ் அணிவது பற்றி

ஆக்லாந்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் என் 9 வயது மகளைப் பயிற்சியின்போது லியோடார்டின் (கால்களை மூடாத, உடலோடு ஒட்டிய ஜிம்னாஸ்டிக்ஸ் உடை) மேல் ஷார்ட்ஸ் அணியக் கூடாது என்று தடுத்ததால், அவள் வகுப்புக்குப் போகவே தயங்குகிறாள் எனச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

தலைமைப் பயிற்றுநரை நேரில் சந்தித்தேன். தளர்வான சட்டை தலைகீழாக நிற்கும்போது முகத்தை மூடிவிடும் என்பதையும், தாங்கிப் பிடிப்பவரின் கை அதில் சிக்கக்கூடும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். அவை நியாயமான காரணங்களே. ஆனால் உடலோடு ஒட்டிய ஷார்ட்ஸுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. 2021 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பாசலில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மனியின் சாரா வோஸ் கணுக்கால் வரை மூடிய உடையில் ஆடியதையும், டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருடைய அணியினரும் அவ்வாறே வந்ததையும், நியூசிலாந்து ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு 2024இல் போட்டிகளிலேயே ஷார்ட்ஸையும் லெகிங்ஸையும் அனுமதித்ததையும் எடுத்துச் சொன்னேன். போட்டியில் அனுமதிக்கப்படுவதைப் பயிற்சியில் ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்டபோது, அவர் சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பித்தான், ஜிப், நாடா இல்லாத ஷார்ட்ஸை இனி எல்லாச் சிறுமியரும் அணியலாம். முழங்காலை மடித்துக் கம்பியில் தொங்கும் பயிற்சியில் துணி வழுக்கும் என்பதால், அப்போது மட்டும் லெகிங்ஸ் வேண்டாம் என்றார். அதை மகளும் ஏற்றுக்கொண்டாள். கேட்கத் துணியாமல் இருந்த மேலும் இரண்டு சிறுமியர் மறுநாளே ஷார்ட்ஸுடன் வந்திருந்தார்கள்.