பொருள்: பெற்றோர்வழி விளையாட்டுச் சிகிச்சை – "உடனாடல்" சரிவருமா?

> "பெற்றோர் நடத்தும் விளையாட்டுச் சிகிச்சை" என்றே வைத்துக்கொள்ளலாமே. யாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா,

இந்த முறைக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்னது புரியும்தான், ஆனால் தலைகீழாகப் புரியும். "நடத்தும்" என்றதும் பெற்றோர் சொல்லக் குழந்தை செய்வதாகத் தோன்றிவிடும். ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளோடு ஆடும் இந்த முறையில் முன்னால் போவது குழந்தைதான். குழந்தை பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். "கார் இப்படி ஓட்டணும்" என்று அம்மா திருத்துவதில்லை. பக்கத்தில் படுத்துத் தானும் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறார். பிறகு குழந்தையின் சக்கரத்தில் மெல்ல விரலை வைத்து நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். குழந்தை அந்த விரலைத் தள்ளிவிட்டால் அதுவே ஒரு பதில். அதற்கு அம்மா ஏதாவது செய்ய, குழந்தை இன்னொன்று செய்ய, இந்த மாறிமாறிப் பதிலளிப்பை நீட்டிக்கொண்டே போவதுதான் முழு வேலையும்.

மனநல மருத்துவர் ஸ்டான்லி கிரீன்ஸ்பானும் உளவியலாளர் செரீனா வீடரும் வகுத்த ஃப்ளோர்டைம் (Floortime) இதில் பலரும் அறிந்த வடிவம். அதை முன்பு ஒருவர் "தரைநேரம்" என்றார். ஊஞ்சலிலும் குளியலறையிலும்கூடச் செய்வதை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"சிகிச்சை"யும் எனக்கு உறுத்துகிறது. ஆட்டிசம் நோயன்று. அந்தச் சொல்லைக் கேட்ட பெற்றோர் அடுத்து "எப்போது குணமாகும்?" என்றுதான் கேட்பார்கள். பேக்ட் (PACT) என்பதும் பெற்றோர்வழி நடக்கும் இப்படியொரு முறை. பிரிட்டனில் 152 குழந்தைகளைக் கொண்டு நடந்த அதன் ஆய்வு 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தாங்கள் குழந்தையோடு விளையாடிய காணொளியைப் பெற்றோர் வல்லுநருடன் உட்கார்ந்து பார்த்துக் கற்றார்கள். ஆட்டிசக் கூறுகள் குறைந்ததற்கு அப்போது உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் குழந்தையின் போக்குக்கு இசைந்து பெற்றோர் பதில் தருவது நன்றாகவே கூடியிருந்தது. முதலில் மாறுவது இந்த இசைவுதான், பெயரிலும் அது தெரிய வேண்டும்.

அதனால் என் பரிந்துரை: பெற்றோர்வழி உடனாடல், அதாவது குழந்தையுடன் சேர்ந்து ஆடுதல். "உரையாடல்" பழகிய காதுக்கு இது அந்நியமாக இராது. உடனாடு, உடனாடுநர், உடனாடல் பயிற்சி என்று சொல்லும் கிளைக்கும். "இணையாட்டம்" வேண்டாம். குழந்தைகள் அருகருகே இருந்தும் தனித்தனியே ஆடுவதை ஏற்கெனவே "இணை விளையாட்டு" என்கிறோம், குழப்பம் வரும்.

ஃப்ளோர்டைம், பேக்ட் போன்ற முறைகளின் பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே விடலாம். மருத்துவ அறிக்கை எழுதுவோர் "சிகிச்சை" இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பதை இங்குள்ள மருத்துவர்கள் சொன்னால் முடிவுசெய்துவிடலாம்.