தயிர் சாதம் மட்டும் தின்னும் பூனைக்குட்டி: போதுமா?

மாடிப்படி: மாடிப்படிக்கு அடியில் தாய் விட்டுப்போன குட்டி, இப்போது மூன்று மாதம். நாங்கள் சைவம். தயிர் சாதத்தை நக்கி நக்கித் தின்கிறது. ஆனால் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது, முடியும் கொட்டுகிறது. இதையே தொடரலாமா?

சாம்பல்வால்: வேண்டாங்க. பூனைக்கு இறைச்சியோ மீனோ இல்லாமல் முடியாது. டாரின் என்ற சத்தை அதன் உடல் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளரும். என் முதல் பூனையைப் பால்சோறு போட்டே வளர்த்தேன். ஆறு வயதில் இருட்டில் கதவு நிலையில் முட்ட ஆரம்பித்தாள். இன்னும் மனசு ஆறவில்லை. வீட்டில் சமைக்க மனமில்லை என்றால் குட்டிகளுக்கான பாக்கெட் தீனி வாங்குங்கள், டாரின் சேர்த்திருப்பார்கள். நாய்த் தீனி உதவாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது.

நெல்குதிர்: தெருப்பூனையும் பெர்சியனும் ஒரே வம்சம்தான், மேற்காசியக் காட்டுப்பூனை. தானியக் குதிருக்கு வந்த எலியைத் தேடி வந்து மனிதரோடு ஒட்டிக்கொண்டது. சைப்ரஸில் சுமார் 9,500 ஆண்டு பழைய புதைகுழியில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் கிடந்தது. சோறு அதற்குப் பிற்பாடு நாம் பழக்கியதுதான்.

மாடிப்படி: சரி, வாங்கிவிட்டேன். தயிர் சாதத்தில் ஒரு கரண்டி கலந்து வைத்தேன். தீனியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு சோற்றை ஒதுக்கிவிட்டது.