முரல்நீக்கி: மின்கிதாரின் ‘ஹம்பக்கர்’ உறுப்புக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ராக் இசையின் ஒவ்வொரு காலகட்டத்துக்கும் உரிய மின்கிதார்களைப் பற்றிய கட்டுரைக்காக ‘ஹம்பக்கர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்கப்பட்டிருந்தது. ‘ஹம்’ என்னும் தாழ்ந்த முரலொலியை நீக்கும் பிக்கப் வகை அது. இதுவரை வந்த ‘இரட்டைச்சுருள்’, ‘இரைச்சல் தடுப்பி’ ஆகிய இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. ‘முரல்நீக்கி’ என்பதை முன்மொழிகிறேன்.

முதலில் ‘பிக்கப்’, அதாவது கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் உறுப்பு, பற்றி ஒரு சொல். அதை ‘ஒலிவாங்கி’ என்று எழுதுவது பொருந்தாது, ஏனெனில் அது காற்றில் வரும் ஒலியை வாங்குவதில்லை. காந்தத்துக்கு மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது; அதனால் காந்தத்தைச் சுற்றியுள்ள செப்புச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. நைலான் கம்பியைப் பூட்டினால் அந்தக் கிதார் ஊமைதான். எனவே ‘கம்பியுணரி’ என்பதே போதும்.

1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று ஒற்றைச்சுருள் கம்பியுணரிகள் இருந்தன. பட்டி ஹாலி வாசித்த அந்தக் கிதாரின் ஒலி கூர்மையானது, தெளிவானது. ஆனால் அதே சுருள் அருகிலுள்ள மின்மாற்றியின் புலத்தையும் பற்றிக்கொண்டு அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸிலும் நம் ஊரில் 50 ஹெர்ட்ஸிலும் முரலும். இதற்குத் தீர்வாக கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பில் இரண்டு சுருள்கள் அருகருகே இருக்கும். ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருப்பதால் இரண்டிலும் ஒரேபோல் புகும் முரல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. கம்பியின் அதிர்வு அழிவதில்லை. சுற்றும் எதிர், காந்தத் துருவமும் எதிர் என்பதால், இரண்டு எதிர்மறை சேர்ந்து உடன்பாடாவதுபோல அது வலுக்கிறது.

1957இல் கிப்சனின் லெஸ் பால் என்னும் கிதாரில் இது பொருத்தப்பட்டது. அதன் தடித்த ஒலிக்கு உரிய காலம் வருவதற்குள் கிப்சன் 1961இல் அந்த வடிவத்தையே கைவிட்டுவிட்டது. 1966இல் ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் பழைய லெஸ் பால் ஒன்றை மார்ஷல் பெருக்கியில் உரக்க வாசித்துப் பதிவுசெய்த இசைத்தொகுப்பு வெளிவந்த பிறகு அந்தக் கிதாரைப் பலரும் தேடத் தொடங்கினர். 1968இல் நிறுவனம் அதை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

‘இரட்டைச்சுருள்’ ஏன் தவறு என்பதற்கு வருகிறேன். 1957ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிதாரில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரே ஒரு சுருள்தான் உண்டு. ஆனால் கம்பியுணரியின் இரு பாதிகளும் எதிரெதிராக அமைந்திருப்பதால் முரல் நீங்கிவிடும். பிற்கால ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் பலவற்றில் நடுச்சுருள் மாற்றிச் சுற்றப்பட்டிருப்பதால், பக்கத்துச் சுருளோடு சேர்த்து வாசிக்கும்போது முரல் மறைகிறது. மறுதலையாக, ஹம்பக்கரின் ஒரு சுருளை ஸ்விட்ச் கொண்டு துண்டித்தால் முரல் திரும்பி வரும். ஆகவே பெயர் சுருளின் எண்ணிக்கையைச் சொல்லாமல் செயலைச் சொல்ல வேண்டும். 1980களின் போக்குக்கு வழிகாட்டிய எடி வான் ஹேலனின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிதாரையும், 1990களில் கர்ட் கோபேன் வாசித்த 1965ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாகுவார் கிதாரையும் விளக்க இந்த வேறுபாடு தேவைப்படும். இரண்டுமே ஃபெண்டர் வடிவ உடலில் ஹம்பக்கரைத் தாங்கியவை.

‘இரைச்சல்’ என்பது மிகப் பரந்த சொல். பெருக்கியின் சீறல் ஒலியும் இரைச்சலே, அதை ஹம்பக்கர் தொடுவதில்லை. தவிர, வாசிப்பு நின்றதும் இரைச்சலை அடைத்துவிடும் ‘நாய்ஸ் கேட்’ என்னும் தனிக்கருவிக்கு ‘இரைச்சல் தடுப்பி’ நன்றாகப் பொருந்தும். அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

வண்டு முரல்வது இனிமையாயிற்றே, அதை நீக்கலாமா என்று தனிமடலில் ஒரு நண்பர் கேட்டார். முரல்வது என்பது ஏற்ற இறக்கமின்றித் தாழ்ந்து நீளும் ஒலி. மின்மாற்றியின் ஒலியும் அப்படித்தான். ‘உறுமல்’ விட்டுவிட்டு எழுவது என்பதால் அதைத் தவிர்த்தேன்.

புணர்ச்சி விதிப்படி ‘முரனீக்கி’ என்றே வரவேண்டும். எனினும் வாசகர் பிரித்தறிய வசதியாக ‘முரல்நீக்கி’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. இலக்கணம் அறிந்தோர் மறுப்பிருந்தால் தெரிவிக்கவும்.