கீமோ ஓடும்போது காதைக் காப்பாற்ற வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா?

மெக்கானிக் மகன், கும்பகோணம்:

அப்பாவுக்கு 58 வயது. நாக்கில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து இப்போது ரேடியேஷனும் கீமோவும் சேர்ந்து ஓடுகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் கணக்கு. இரண்டு முடிந்தது, இன்னும் ஒன்று பாக்கி.

முப்பது வருஷமாக புல்லட் மெக்கானிக் அவர். ஸ்க்ரூடிரைவர் நுனியை என்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். போன ஞாயிறு வாசலில் நின்ற வண்டியை அப்படிக் கேட்டுவிட்டு, "டேப்பட் சத்தமே இல்லையேடா" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு டிக் டிக்கென்று தெளிவாகக் கேட்டது. ராத்திரியில் காதுக்குள் 'கொய்ங்' என்கிறதாம்.

சித்தப்பா வைட்டமின் ஈயும் என்.ஏ.சி. (அசிட்டைல்சிஸ்டீன்) மாத்திரையும் வாங்கி வந்திருக்கிறார். ஆன்டி-ஆக்ஸிடன்ட், காதைக் காப்பாற்றும் என்கிறார். டாக்டரிடம் கேட்டால் திட்டுவாரோ என்று அப்பா தயங்குகிறார். கொடுக்கலாமா?

ஆடியோலஜிஸ்ட், மதுரை:

தம்பி, டாக்டரிடம் கேட்கும்வரை அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

சித்தப்பா சொல்வதில் பாதி சரி. சிஸ்பிளாட்டின் உள்காதில் சத்தத்தை உணரும் மயிர்செல்களை ஆக்ஸிஜன் கழிவுகளால்தான் கொல்கிறது. அதனால் ஆன்டி-ஆக்ஸிடன்ட் தடுக்கும் என்ற யோசனை நியாயமானதே. சிக்கல் என்னவென்றால், புற்றுசெல் சாவதிலும் அந்தக் கழிவுகளுக்குப் பங்கு உண்டு. வாய் வழியாக விழுங்கும் மாத்திரைக்குக் காது எது, கட்டி எது என்று தெரியாது. கனடாவின் கியூபெக்கில் அப்பாவைப் போலவே தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த 540 பேரிடம் வைட்டமின் ஈயைச் சோதித்தார்கள். வைட்டமின் எடுத்தவர்களிடம்தான் இறப்பு அதிகமாக இருந்தது. இந்த ஒன்றைப் படித்ததிலிருந்து யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

டேப்பட் சத்தம் கேட்காதது சும்மா விடக்கூடிய விஷயமில்லை. பாதிப்பு முதலில் கீச்சுச் சத்தங்களில்தான் ஆரம்பிக்கும், பிறகு பேச்சுச் சத்தம்வரை இறங்கும். செத்த மயிர்செல் திரும்ப முளைக்காது. மருந்தும் உள்காதில் மாதக்கணக்கில் தங்கும். அடுத்த டோஸுக்கு முன்னால் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுங்கள். வழக்கமாக 8000 ஹெர்ட்ஸோடு நிறுத்துவார்கள். அதற்கு மேலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சல் வந்து அமிக்காசின், ஜென்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஊசி போடும் நிலை வந்தால் காது விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள். அந்த ஊசியும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்தால் காதுக்கு ரொம்பக் கெடுதல்.

ரிப்போர்ட்டோடு போனால் டாக்டர் டோஸை மாற்றலாம். ஆபரேஷனுக்குப் பிறகு வாராவாரம் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் கொடுத்தால் பலன் குறையவில்லை, காது பாதிப்பும் குறைவு என்று 2022-இல் ஜப்பான் ஆய்வு ஒன்று வந்தது.

ஆதியின் அம்மா, லண்டன்:

அண்ணா, என் மகனுக்கு இரண்டு வயதில் கல்லீரல் கட்டி. இதே சிஸ்பிளாட்டின்தான். அவனுக்கு சோடியம் தயோசல்பேட் கொடுத்தார்கள். மாத்திரை இல்லை, டிரிப். கீமோ இறங்கி முடிந்து சரியாக ஆறு மணி நேரம் கழித்துத்தான் ஏற்றுவார்கள். கட்டிக்கு வேலை முடியட்டும் என்பதற்குத்தான் அந்த இடைவெளி. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நிற்பார். 2018-இல் வந்த ஆய்வில் இதை எடுத்த குழந்தைகளில் 33 சதவீதம் பேருக்குத்தான் காது பாதித்தது, எடுக்காதவர்களில் 63 சதவீதம். அமெரிக்காவில் 2022-இல் அனுமதி கிடைத்ததும் குழந்தைகளுக்குத்தான், அதுவும் நோய் பரவாமல் இருந்தால் மட்டும். அப்பாவுக்குப் பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். காதுக்கென்று இருக்கிற மருந்தையே இவ்வளவு நேரம் பார்த்துக் கொடுக்கிறார்கள். கடையில் வாங்கிய மாத்திரையை எந்த நேரம் பார்த்துக் கொடுப்பீர்கள்?

மெக்கானிக் மகன், கும்பகோணம்:

அக்கா, மேடம், இரண்டு பேருக்கும் நன்றி. மாத்திரை டப்பாவையே கையோடு எடுத்துப் போனேன். டாக்டர் திட்டவில்லை. கேட்டதே நல்லது என்றார். ஆடியோகிராமில் இரண்டு காதிலும் 6000, 8000 ஹெர்ட்ஸில் கேட்கும் திறன் இறங்கியிருக்கிறது. பேச்சு கேட்கும் இடம் நன்றாக இருக்கிறது. சதுர மீட்டருக்கு மொத்தம் 200 மில்லிகிராம் ஏறிவிட்டது, அது போதும் என்று மூன்றாவதை நிறுத்திவிட்டு ரேடியேஷனை மட்டும் தொடர்கிறார்கள். சித்தப்பாவிடம் நானே பேசினேன். வருத்தப்பட்டார், புரிந்துகொண்டார்.

நேற்று அப்பா ஸ்க்ரூடிரைவரை என்ஜின் மேல் வைத்துக்கொண்டு கைப்பிடிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். "நான் இடத்தைக் காட்டுறேன், நீ கேட்டுச் சொல்லு" என்றார்.