வீச்சுவலைக்கு ஈயமணி வார்க்க: பழைய காசு, டயர் வெயிட், ஈயச்சொம்பு எல்லாம் உருக்கலாமா?

கண்மாய்க்கரை: காரைக்குடிப் பக்கம். வீச்சுவலைக்கு 4 கிலோ ஈயமணி வார்க்கணும். ரெண்டு பாதி அலுமினிய அச்சு இருக்கு. டயர் கடையில் வாங்கின பேலன்ஸ் வெயிட் 5 கிலோ, பழைய பைக் பேட்டரி, பெட்டகத்தில் கிடந்த அம்மன் காசும் (பழைய புதுக்கோட்டை சமஸ்தானச் செப்புக் காசு) பைசாவும் ஒரு டப்பா, உடைஞ்ச ஈயச்சொம்பு ஒண்ணு. எல்லாம் ஒரே சட்டியில் போடலாமா? வளவில் (வீட்டு உள்முற்றம்) அடுப்பு வைக்கலாம்னு இருக்கேன்.

உலைக்களம்: காசை முதல்ல எடுத்து வைங்க. காரீயம், அதாவது மணி வார்க்கிற ஈயம், 327 டிகிரியில் உருகும், செம்புக்கு 1085 வேணும். அம்மன் காசு ஈயத்தின் மேல் மிதந்துகிட்டு கிடக்கும், அவ்வளவுதான். 100 வருஷம் தாண்டின காசு 1972 சட்டப்படி தொல்பொருள். பைசாவை உருக்கினால் 2011 நாணயச் சட்டம், 7 வருஷம் வரை சிறை.

பேட்டரியைத் தொடவே வேண்டாம். தகட்டில் ஆசிட் பசை. கூடவே ஆன்டிமனி, ஆர்செனிக். அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன் வாயு வரலாம், அது ஆளைக் கொல்லும். பேட்டரி கடையில் மாற்று விலைக்குக் கொடுத்திடுங்க.

வெயிட்டை ஒவ்வொண்ணாப் பிரிங்க. காந்தம் பிடிச்சால் இரும்பு. கட்டிங் பிளையரால் கடிங்க: ஈயம் வெண்ணெய் மாதிரி பதியும், துத்தநாகம் பல்லையே ஏற்காது. துத்தநாகத்தைக் குறிக்கும் ‘Zn’ எழுத்து பொறிச்சிருந்தாலும் ஒதுக்குங்க. கொஞ்சம் துத்தநாகம் கலந்தாலே உருக்கு கூழ் மாதிரி திரளும், அச்சு நிரம்பாது.

பிளம்பர்_67: தப்பித் தவறி வந்தாலும் வழி இருக்கு. துத்தநாகம் 419-ல்தான் உருகும். வெயிட்டை எல்லாம் ஆறின சட்டியிலேயே போட்டு, 360 - 380-ஐத் தாண்டாமல் சூடேத்துங்க. வெயிட்டில் இருக்கிற இரும்புக் கிளிப்பும் துத்தநாகமும் முழுசா மிதக்கும், துளைக்கரண்டியால் அள்ளிடலாம். சூடு அளக்க மல்டிமீட்டரோடு வரும் ஒயர் புரோப் இந்தச் சூட்டுக்குத் தாங்காது. இரும்புக் குழாய் போட்ட கே டைப் புரோப் வாங்குங்க.

உருகின ஈயத்தில் ஈரமான துண்டைப் போடாதீங்க. ஒரு சொட்டு தண்ணி போதும், நீராவியாகி மொத்தத்தையும் முகத்தில் அடிச்சிடும். கரண்டியையும் காய வெச்சுத்தான் முக்கணும்.

கொட்டைப்பாக்கு அளவு மெழுகு போட்டுக் கிளறுங்க. தீப்பிடிக்கும், பயப்படாதீங்க. மேலே சாம்பல் மாதிரி திரளும் கசடை எடுத்து மூடியுள்ள டப்பாவில் வைங்க. இந்தச் சூட்டில் ஆவியை விட அந்தத் தூசிதான் ஆபத்து. கையிலிருந்து வாய்க்குப் போகும். சோப்புப் போட்டுக் கழுவாமல் வெத்தலை கூட வேண்டாம்.

வளவு கூடாது, நாலு பக்கமும் சுவர். சிந்தினால் தரையில் பதிச்ச ஆத்தங்குடிக் கல்லும் தெறிக்கும். பின்கட்டைத் தாண்டி, காத்துக்கு முதுகு காட்டி நில்லுங்க. அலுமினியச் சட்டி வேண்டாம், இரும்புதான். மிச்ச ஈயத்தைக் கட்டியாக்க பழைய வார்ப்பிரும்புப் பணியாரச் சட்டி நல்லா இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு போக சுட்டெடுக்கணும். அது திரும்ப அடுப்படிக்குள்ள போகவே கூடாது.

உலைக்களம்: அச்சு: உள்பக்கம் மெழுகுவர்த்திப் புகை பிடிச்சுக் கரி ஏத்துங்க. துளைக்கு சைக்கிள் ஸ்போக்ஸ், ஒரு முனையை எமரித் தாளில் லேசாக் கூராக்கினால் உருவ வரும். முதல் ஏழெட்டு மணி சுருக்கம் விழும். அச்சு இன்னும் சூடாகலை, திரும்ப சட்டியில் போடுங்க. சர்க்கரை தூவின மாதிரி வெளுத்தால் அச்சு சூடு அதிகம், ஒரு நிமிஷம் திறந்து வைங்க. வாயில் கொஞ்சம் மேடு நிற்கும்படி ஊத்துங்க, இறுகும்போது அதிலிருந்துதான் இழுக்கும். இல்லேன்னா உள்ளே பொள்ளல்.

கண்மாய்க்கரை: ரொம்ப நன்றிண்ணே. ஈயச்சொம்பு? அதுவும் ஈயம்தானே?

பிளம்பர்_67: இல்லை தம்பி. ரசச்சொம்பு வெள்ளீயம் (டின்), 232-ல் உருகும், காரீயத்தை விடப் பல மடங்கு விலை. வளைச்சால் கறகறன்னு முனகும். காகிதத்தில் தேய்ச்சுப் பாருங்க, பென்சில் மாதிரி கறுப்புக் கோடு விழுந்தால் காரீயம் கலந்திருக்கு; அப்படின்னா இத்தனை நாள் அதில் ரசம் வெச்சதே தப்பு. கோடு விழலைன்னா எடைக்குப் போடுங்க, அந்தக் காசில் மணிக்கு வேண்டிய ஈயம் வாங்கிடலாம்.